சட்டத்த யாரும் மாத்தல, ஆனா அதிகாரம் மட்டும் எப்புடி கைமாறுது? (ஏ/எல் பொலிடிக்ஸ் கேள்வி + எங்க ரோட்டுக் கதை)

கொட்டகலை_பிள்ளை:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஏ/எல் ஆர்ட்ஸ், பொலிடிக்ஸ் ஒரு பாடம். கிளாஸ்ல சேர் ஒரு கட்டுரை எழுதிட்டு வரச் சொல்லியிருக்காரு, மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரம் பிரிஞ்சிருக்கிற விதம் காலப்போக்குல எப்புடி மாறுதுன்னு, இந்தியா அமெரிக்கா ரெண்டையும் வச்சு, முடிஞ்சா இலங்கையையும் சேத்து. எது மத்திக்கு எது மாநிலத்துக்குன்னு நோட்ஸ்ல பட்டியல் எல்லாம் இருக்கு, அத பாடமாக்கிட்டேன். ஆனா எனக்கு விளங்காதது என்னன்னா, பட்டியல் எழுத்துல இருக்கு, மாத்துறதுன்னா பாராளுமன்றத்துல மூணுல ரெண்டு வேணும், அப்ப எப்புடி அது பாட்டுக்கு மாறும்? நம்ம நாட்டுல மாகாண சபைகள உண்டாக்குன 13ஆவது திருத்தம் இன்னும் அப்புடியே இருக்குங்கிறாங்க, அதே ஆட்கள்தான் மாகாண சபை அதிகாரம் எல்லாம் போயிருச்சுன்னும் சொல்றாங்க. ரெண்டும் எப்புடி உண்மையா இருக்கும்?

இன்னொண்ணு, இது கட்டுரைக்கு இல்ல. எங்க டிவிசனுக்குப் போற ரோட்டு மழைக்கு கோயிலுக்கு மேல அறுத்துக்கிட்டுப் போயிருச்சு, த்ரீவீல் ஏறாது, ஒரு பாட்டிக்கு இழுப்பு வந்தப்ப கம்பளியில கட்டி நாலு பேரு தூக்கிட்டுத்தான் கீழ கொண்டாந்தாங்க. அப்பா கடிதம் எழுதிக்கிட்டே இருக்காரு. பிரதேச சபையில போனா இது தோட்டத்து ரோட்டு நாங்க கை வைக்க ஏலாதுங்கிறாங்க, தோட்டத்து ஒபிஸ்ல தொரை (தோட்டத்து மனேஜர்) கம்பனிகிட்ட அதுக்கெல்லாம் காசில்ல சபையில கேளுங்கன்றாரு, மாகாணத்துக்கு எழுதுனா உங்கள் கோரிக்கை உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளதுன்னு ஒரு கடுதாசி. உரிய இடம் எதுன்னு அதுல இல்ல. இதுல உண்மையா யாருக்கு அதிகாரம்?

பதுளை_டீச்சர்:

மகள், நல்ல கேள்வி, உங்க சேருக்கு என் வாழ்த்துச் சொல்லுங்க. எழுத்தத் திருத்துறது ஒரு வழி மட்டுந்தான். அதே வசனத்துக்கு கோர்ட்டு வேற அர்த்தம் சொன்னா அதிகாரம் நகரும், காசு யார் கையில சேருதுங்கிறது மாறினா நகரும், தலைநகரத்துல உக்காந்திருக்கிறவங்க எவ்வளவு பலமா இருக்காங்கங்கிறதப் பொறுத்தும் நகரும். இந்தியாவுல இது எல்லாத்துக்கும் உதாரணம் கிடைக்கும், அதுனால அங்க இருந்தே தொடங்குங்க.

எழுத்துல மாறினதுக்கு 1976ல வந்த 42ஆவது திருத்தம். எமர்ஜன்சி நேரம், இந்திரா காந்தி ஆட்சி. அதுவரைக்கும் மாநிலப் பட்டியல்ல இருந்த கல்வி, காடு எல்லாத்தையும் மத்தியும் மாநிலமும் ரெண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குத் தூக்கிட்டாங்க. எமர்ஜன்சி போயிருச்சு, அந்த அம்மா தோத்து திரும்ப ஜெயிச்சும் வந்தாச்சு, ஆனா கல்வி மாநிலத்துக்குத் திரும்பவே இல்ல. இன்னிக்கு தமிழ்நாட்டுல நீட் பரீட்சைக்கு (மருத்துவப் படிப்புக்கு நாடு முழுக்க வைக்கிற ஒரே நுழைவுத் தேர்வு) எதிரா பேசுறவங்க ஏன் எடுத்த எடுப்புல 1976ன்னு சொல்றாங்கங்கிறது இதுலதான் இருக்கு. 

எழுத்தே மாறாம மாறினதுக்கு 356ஆவது பிரிவு, இத கட்டாயம் எழுதணும். மாநில ஆட்சியக் கலைக்கிற பிரிவு, 1950ல இருந்தே இருக்கு. 1959ல கேரளாவுல ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசாங்கத்த கலைச்சாங்க, 1976 ஜனவரியில தமிழ்நாட்டுல திமுக ஆட்சியக் கலைச்சாங்க. 1977ல ஜனதா வந்த உடனே காங்கிரஸ் ஆண்ட 9 மாநிலத்தக் கலைச்சாங்க, 1980ல இந்திரா திரும்பி வந்து அவங்களும் 9 கலைச்சாங்க, பழிக்குப் பழி. அப்புறம் 1994ல எஸ்.ஆர்.பொம்மை வழக்குல 9 நீதிபதிகள் சேந்து உக்காந்து, கவர்னர் ஒரு கடிதம் எழுதிட்டா போதாது, பெரும்பான்மை இருக்கா இல்லையாங்கிறத சட்டசபைக்குள்ளதான் பாக்கணும், கலைச்சது சரியான்னு நாங்க விசாரிப்போம்னுட்டாங்க. அதுக்கப்புறம் கலைக்கிறது ரொம்பக் குறைஞ்சிருச்சு. அந்தத் தீர்ப்பு மட்டும் இல்ல காரணம், 1989ல இருந்து 2014 வரைக்கும் டெல்லியில தனிக்கட்சிக்குப் பெரும்பான்மை இல்ல, மாநிலக் கட்சிகளோட ஆதரவு இல்லாட்டி நாற்காலி ஆடும், அப்புடி இருக்கிறப்ப யாரக் கலைக்கிறது? ஆக ஒரு எழுத்தும் மாறாமலே ஒரு பிரிவோட பல்லு புடுங்கப்பட்டுருச்சு.

அமெரிக்காவுக்கு நீளமா எழுதத் தேவையில்ல, ஒரு கதை போதும். சாராயம் குடிக்க எத்தன வயசுங்கிறது அங்க மாநிலத்தோட விசயம், மத்திய அரசாங்கம் நேரா சட்டம் போட்டா சிக்கல். அதுனால 1984ல என்ன செஞ்சாங்கன்னா, 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விக்க விடுற மாநிலத்துக்கு நெடுஞ்சாலைக் காசுல ஒரு பங்க வெட்டுவோம்னு சட்டம், அது 10 வீதம் வரைக்கும் போச்சு. சவுத் டகோட்டா கோர்ட்டுக்குப் போய் 1987ல தோத்துச்சு. அடுத்த வருசமே எல்லா மாநிலமும் 21க்கு வந்துருச்சு. அரசியலமைப்புல ஒரு கமா கூட மாறல. இந்த அளவுக்கு வெட்டுறதுக்கு மத்தியில காசு எங்கருந்து வந்துச்சுன்னா, 1913ல 16ஆவது திருத்தம் வந்து வருமான வரி மத்திய அரசாங்கம் அறவிடலாம்னு ஆனதுல இருந்து. வரி ஒரு பக்கம் சேந்தா அதிகாரமும் அந்தப் பக்கம் சாயும்.

மஸ்கெலியா_மச்சான்:

டீச்சர் சொன்னது எல்லாம் சரி, பிள்ளை எழுதட்டும், மார்க்ஸ் வரும். ஆனா நம்மளுக்கு இதுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்களே. 13 கொண்டு வந்தது வடக்கு கிழக்குப் பிரச்சினைக்கு, நம்ம அதுல சும்மா கூட ஒட்டிக்கிட்டு வந்தோம். நுவரெலியா மாவட்டத்துல நம்ம மலையக ஆளுங்கதான் அதிகம், ஆனா மத்திய மாகாணம்னு எடுத்தா கண்டியும் மாத்தளையும் சேந்து நம்ம சிறுபான்மை. கொழும்புல இருந்து அதிகாரம் கண்டிக்கு வந்தா என்ன, வராட்டி என்ன, நம்ம லயத்துக்கு (தோட்டத்து லைன் வீடுகளுக்கு) வருமா? 1948ல பிரஜாவுரிமையப் புடுங்குனது கொழும்பு, சரி. கிராம சபை காலத்துல தோட்டத்து ஆள உள்ள விடாம வச்சிருந்தது யாரு? பக்கத்துல இருக்கிற அரசாங்கம்னா நல்ல அரசாங்கம்னு யாரு சொன்னது.

கண்டி_பைல்கட்டு:

மச்சான் கேக்குறதுல நியாயம் இருக்கு, ஆனா ஒண்ணுமே வரலன்னு சொல்ல ஏலாது. 70கள்ல அரசாங்கம் பொறுப்பெடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் மாகாணத்துக்குக் கீழதான் வந்துச்சு, மத்திய மாகாணத்துல தமிழ்க்கல்விக்குன்னே ஒரு அமைச்சர் இருந்தாரு, நம்ம கட்சி ஆள்தான் இருப்பாரு. வேலை நடந்துச்சா இல்லையான்னு சண்டை புடிக்கலாம், ஆனா சண்டை புடிக்க ஒரு கதவு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல, வாறேன் அதுக்கு.

நான் மாகாண ஒபிஸ் ஒண்ணுல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆன ஆளு. தங்கச்சி கேட்ட முதல் கேள்விக்கு, ரெண்டும் எப்புடி உண்மையா இருக்கும்னு, என் மேசைக்கு வந்த கடுதாசிகள வச்சே சொல்றேன்.

1987 நவம்பர்ல 13 வந்துச்சு, ஒன்பதாவது அட்டவணையில மூணு பட்டியல். முதலாவது மாகாணத்துக்கு, ரெண்டாவது மத்திக்கு, மூணாவது பொது. ரெண்டாவது பட்டியலோட முதல் வரியே என்னா தெரியுமா, எல்லா விடயங்கள் பத்தியும் தேசியக் கொள்கை. எல்லா விடயமும்! மாகாணப் பட்டியல்ல இருக்கிறதும் அதுல அடக்கம். அப்ப கொழும்புல ஒரு சட்டம் எழுதி முகப்புல தேசியக் கொள்கைன்னு போட்டா முடிஞ்சுது.

அதுக்கடுத்து 1992. அதுவரைக்கும் ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) ஒபிஸ்னு சொல்வோமே, அத பிரதேச செயலகமா ஆக்கி அரசாங்க அதிபர் கையில இருந்த அதிகாரங்கள பிரதேச செயலாளருக்கு சட்டம் போட்டுக் குடுத்தாங்க, 58ஆம் இலக்கச் சட்டம். கேக்க நல்லா இருக்கு, அதிகாரம் கீழ வருது, மக்களுக்குக் கிட்ட வருது. ஆனா அந்தப் பிரதேச செயலாளர் யாரோட ஆளு? கொழும்பு அமைச்சோட ஆளு. கிராம உத்தியோகத்தரும் அந்தப் பக்கம். அப்ப மாகாண சபை ஒரு தீர்மானம் எடுத்தா அத கிராமத்துல செய்ய அதுக்குக் கையே இல்ல. பரவலாக்குறோம்னு சொல்லியே மாகாணத்தத் தாண்டிக் கீழ போனாங்க.

அப்புறம் காசு, இதுதான் எனக்கு இன்னும் வயிறெரியிற விசயம், டீச்சர் அமெரிக்காவுக்குச் சொன்னதுக்கு நம்ம உதாரணம். மாகாண சபைக்குன்னு சொந்தமா இருந்த பெரிய வரி புரள்வு வரி, வியாபாரத்துல வாற மொத்த வருமானத்துல அறவிடுறது. 2011ல இருந்து அத விட்டுருங்க, நாங்க தேச நிர்மாண வரியில மூணுல ஒரு பங்கு தாறோம்னு கொழும்பு சொல்லுச்சு. காகிதத்துல கணக்குப் பாத்தா நட்டம் இல்ல, சில மாகாணத்துக்கு லாபம் கூட. எல்லாம் தலையாட்டுனாங்க. 2019 முடிவுல புது அரசாங்கம் வந்து வரிகளக் குறைக்கிறோம்னு தேச நிர்மாண வரியவே ஒழிச்சுட்டாங்க. மூணுல ஒரு பங்கு, எதுல? மாகாணத்தக் கேட்டாங்களான்னு கேக்காதீங்க, அந்த நேரம் கேக்க சபையே இல்ல.

இந்தியாவுல ஜி.எஸ்.டி. (சரக்கு சேவை வரி) வந்தப்பவும் இதே பயம் இருந்துச்சு, 2017 ஜூலையில மாநிலங்கள் தங்களோட விற்பனை வரியக் குடுத்துட்டு உள்ள போனாங்க. வித்தியாசம் பாருங்க, அங்க மாநிலங்களும் உக்காந்து வாக்களிக்கிற ஒரு கவுன்சில் அரசியலமைப்புலயே இருக்கு, 5 வருசத்துக்கு நட்டஈடு சட்டத்துல எழுதி வாங்குனாங்க, வருசத்துக்கு 14 வீத வளர்ச்சிய அடிப்படையா வச்சு. எழுதி வாங்கியும் கொரோனா நேரத்துல காசு வரல்லன்னு சண்டை. எழுதாம வாங்குனவன் கதை எப்புடி இருக்கும்.

ராகலைக்காரன்:

கோர்ட்டு வழிக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு தங்கச்சி, பொம்மை வழக்கோட இதையும் போடுங்க. ஸ்டாஃபோர்ட் தோட்டத்து வழக்கு, ராகலைப் பக்கம் ஹல்கிரன்ஓயா. தோட்டத்துக் காணியில இருந்த ஒருத்தர வெளியேறச் சொல்லி நோட்டீஸ், அரச காணி மீட்புச் சட்டத்துல. அந்தாளு அத எதிர்த்து கண்டியில மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனாரு, காணி மாகாணப் பட்டியல்ல இருக்கிற விசயம்தானேன்னு. அது ஏறி ஏறி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் 2013 செப்டம்பர்ல தீர்ப்பு, அரச காணி குடியரசுக்கு உரியது, மத்திய அரசாங்கம் மாகாணத்துக்கு எடுத்துக் குடுத்த காணியத்தான் மாகாணம் நிர்வகிக்கலாம், ஆனபடியால மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதுல அதிகாரம் இல்லன்னு. ஒரு தோட்டத்துல ஒரு துண்டுக் காணிக்கு வந்த சண்டையில நாட்டுல இருக்கிற எல்லா மாகாண சபைக்கும் காணி விசயம் முடிஞ்சுது. வடக்குல அத வச்சு எவ்வளவோ கட்டுரை எழுதுனாங்க, நம்ம ஊர்ல வழக்கு எங்க நடந்ததுன்னு கூட முக்காவாசிப் பேருக்குத் தெரியாது.

13லயே காணிக்கு ஒரு தேசிய ஆணைக்குழு அமைக்கணும்னு எழுதியிருக்கு, அது இன்னிக்கு வரைக்கும் வேலைக்கு வரல. எழுதி வச்சத செய்யாம விடுறதும் ஒரு வழிதான், டீச்சர் பட்டியல்ல அதையும் சேத்துக்கங்க.

கொட்டகலை_பிள்ளை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், நான் நினைச்சதுக்கு மேல கிடைச்சுருச்சு. அண்ணே, நீங்க சபையே இல்லன்னு சொன்னீங்களே, அது ஏன்னு கொஞ்சம் சொல்லுங்க. நான் சின்னப் பிள்ளையில இருந்து மாகாண சபை தேர்தல்னு ஒண்ணு பாத்ததே இல்ல. அப்புறம் கோர்ட்டு எப்பவும் மத்திய அரசாங்கத்துப் பக்கமாத்தான் தீர்ப்பு சொல்லுமா?

கண்டி_பைல்கட்டு:

பாத்திருக்க மாட்டீங்க தங்கச்சி, மத்திய மாகாணத்துக்கு கடைசித் தேர்தல் 2013 செப்டம்பர்ல. 2018 ஒக்டோபர்ல காலம் முடிஞ்சுது, அன்னையில இருந்து ஆளுநர் கையில. ஆளுநர் யாரு? ஜனாதிபதி நியமிக்கிற ஆளு. நடந்தது என்னன்னா, 2017ல தேர்தல் முறைய மாத்துறோம்னு ஒரு சட்டம், அதுக்குத் தொகுதி பிரிக்கணும், பிரிச்சு அறிக்கை வந்துச்சு, 2018 ஓகஸ்ட்ல பாராளுமன்றத்துல வாக்கெடுப்பு. எதிரா 139, ஆதரவா ஒண்ணு கூட இல்ல. கொண்டு வந்த அமைச்சரே எதிராப் போட்டாரு! பழைய முறைய ஏற்கெனவே எடுத்தாச்சு, புது முறைக்கு வரைபடம் இல்ல, தேர்தல் நடுவுல தொங்குது. 13ஆவது திருத்தத்துல ஒரு வரி வெட்டல. சபை மட்டும் காணோம். உங்க முதல் கேள்விக்கு இத விடச் சுருக்கமான பதில் என்கிட்ட இல்ல.

கோர்ட்டு எப்பவும் ஒரே பக்கம் இல்ல. 2012ல திவிநெகும சட்டமூலம் வந்துச்சு, சமுர்த்தி அதிகார சபை, உடரட்ட அபிவிருத்தி அதிகார சபை, தெற்கு அபிவிருத்தி அதிகார சபை மூணையும் சேத்து பொருளாதார அபிவிருத்தி அமைச்சுக்குக் கீழ ஒரே திணைக்களமா ஆக்குறது. மாகாணப் பட்டியல்ல கை வைக்கிற சட்டம், அதுனால மாகாண சபைகளுக்கு அனுப்பாம நிறைவேத்த ஏலாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. அனுப்புனாங்க, எல்லா சபையும் ஆளுங்கட்சி கையில, எல்லாரும் சரின்னுட்டாங்க. வடக்குல அப்ப சபையே இல்ல, ஆளுநர் சம்மதிச்சா போதாதுன்னு கோர்ட்டு திரும்ப சொன்னதால கடைசியில மூணுல ரெண்டு வாக்குல நிறைவேத்துனாங்க. அந்தச் சமயத்துலதான் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரா குற்றப் பிரேரணை வந்து, 2013 ஜனவரியில பதவியில இருந்து தூக்குனாங்க. இதுல எனக்கு உறைச்சது கோர்ட்டு இல்ல, நம்ம மத்திய மாகாண சபை. தன் கையில இருக்கிறத எடுக்கிற சட்டத்துக்குத் தானே கை தூக்குச்சு. கட்சி ஒண்ணா இருந்தா பட்டியல் எதுக்கு.

பதுளை_டீச்சர்:

கடைசியாச் சொன்னத மகள் அடிக்கோடு போட்டு எழுதணும். இந்தியாவுல நேரு காலத்துலயும் அப்புடித்தான், டெல்லியிலயும் மாநிலத்துலயும் ஒரே காங்கிரஸ், சண்டை வந்தா கட்சிக்குள்ள பேசி முடிச்சாங்க. 1967ல தமிழ்நாடு உட்பட பல மாநிலத்துல காங்கிரஸ் தோத்த பிறகுதான் பட்டியல எடுத்து வாசிக்கவே தொடங்குனாங்க, 1969ல கருணாநிதி அரசாங்கம் ராஜமன்னார் குழுவப் போட்டது அந்தச் சூட்டுலதான், அப்புறம் 1983ல டெல்லியே சர்க்காரியா ஆணைக்குழு போட வேண்டி வந்துச்சு.

கட்டுரையில இந்தியா இப்புடி, அமெரிக்கா இப்புடின்னு நாடு நாடாப் பிரிக்காம, காசு, கோர்ட்டு, கட்சின்னு எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாட்டுல இருந்தும் உதாரணம் வைங்க. பேப்பர் திருத்துறவங்களுக்கு அது வித்தியாசமாத் தெரியும். வருசத்த மாத்திப் போட்டுறாதீங்க, 42ஆவது திருத்தம் 1976.

மஸ்கெலியா_மச்சான்:

எல்லாம் சரி, அந்தப் பிள்ளையோட ரோட்டுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலியே. நானே சொல்றேன், ஏன்னா எங்க பக்கம் இதுக்கு அலைஞ்ச ஆளு நான்.

1987ல வந்த பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அத வச்சுத்தான் சபைக்காரங்க தோட்டத்துக்குள்ள காசு செலவழிக்க மாட்டோம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நம்ம வாக்குப் போடலாம், நம்ம ஆளு தவிசாளராக் கூட வரலாம், ஆனா சபைக் காசுல நம்ம லயத்து வாசலுக்கு ஒரு கான் வெட்ட ஏலாது. 30 வருசம் இப்புடி. 2018ல அத திருத்துனாங்க, தோட்டத்துக்குள்ளயும் சபை வேலை செய்யலாம்னு. அதே காலத்துல நுவரெலியா, அம்பகமுவ ரெண்டு பிரதேச சபையையும் ஆறாப் பிரிச்சாங்க, கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் தனிச் சபை ஆனது அப்பதான். முந்தி ஒவ்வொரு சபைக்கும் ரெண்டு லட்சத்துக்கு மேல சனம். மாகாணம், மத்தின்னு மேல பெரிசா பேசிக்கிட்டு இருந்தப்ப நமக்கு உண்மையா மாறுன விசயம் இந்த ரெண்டும்தான், நான் சொல்றேன். உங்க சேர் கேட்ட கேள்வியில இது வராது, ஆனா எழுதுங்க.

ரோட்டுக்கு வாறேன். சபையில இருக்கிற கிளார்க் இன்னும் பழைய 33ஆம் பிரிவையே மனசுல வச்சுக்கிட்டு பேசுவாரு, விடக்கூடாது. காணி அரசாங்கத்தோடது, கம்பனிக்கு குத்தகைக்குத்தான் குடுத்திருக்கு, ஆனா இப்ப அதப் பராமரிக்கிறது கம்பனி, அதுனால சபைக்கு ஒரு துண்டுக் காகிதம் தேவைப்படும். அப்பாகிட்ட சொல்லி தொரைகிட்ட ரோட்டு செய்ய ஆட்சேபனை இல்லன்னு ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்க, வாயால சொன்னா பிரயோசனம் இல்ல, ஒபிஸ் சீல் இருக்கணும். அத 2025 மே தேர்தல்ல வந்த உங்க வட்டார மெம்பர்கிட்ட குடுத்து, சபைக் கூட்டத்துல பிரேரணையா வைக்கச் சொல்லுங்க, நிறைவேறின தீர்மானத்தோட கொப்பி ஒண்ணு வாங்கி வைங்க. எம்.பி. கிட்டயும் போங்க, பன்முகப்படுத்தப்பட்ட நிதியில (எம்.பி. சொல்ற ஊர் வேலைகளுக்கு ஒதுக்குற காசு) செய்ய ஏலுமான்னு கேளுங்க, தன் பேரப் போட்டு கல்லு நடுறதுக்காவது செய்வாரு. 

கொட்டகலை_பிள்ளை:

அண்ணே தொரை கடிதம் தர மாட்டேன்னு சொன்னா?

மஸ்கெலியா_மச்சான்:

தர மாட்டாருன்னு இல்ல, இழுத்தடிப்பாரு. எங்களுக்கும் அப்புடித்தான், கண்டியில இருக்கிற கம்பனி ஒபிஸ்ல கேக்கணும்னாரு, அவங்க கொழும்புல கேக்கணும்னாங்க. கேட்ட திகதியப் போட்டு ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, பிரதேச செயலாளருக்கு ஒரு கொப்பி. பாட்டியத் தூக்கிட்டு வந்தத அதுல எழுதுங்க, அன்னைக்கு யாராவது போன்ல படம் எடுத்திருந்தா அதையும் வைங்க. அதுக்கப்புறமும் மறுத்தா இங்க வந்து எழுதுங்க, நான் ஹட்டனுக்கு அடிக்கடி வாற ஆளு, அப்பாவோட சேந்து போய் பாப்போம்.